ஆறாவது குறியீடு

ஜூன் 14, ஞாயிறு

சாரல் தொடங்கிவிட்டது. தென்காசியில் இனி துணி காயாது. கூடத்துக்குள்ளேயே கயிறு கட்டி, போதாததற்கு நாற்காலி முதுகிலும் போட்டிருக்கிறோம். வீடு முழுக்க ஈர வாடை.

மைதீன்பிச்சை பாய் போன் செய்தார். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடுகிற பதிப்பகம் அவருடையது. இந்த வருடம் பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு ‘காஜா’ என்ற நாடகத்தைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு நான் நோட்ஸ் எழுத வேண்டுமாம்.

“மூணே தலைப்பு மேடம். பாத்திரப் படைப்பு, முரண், குறியீடு. குறியீடு மட்டும் ஆறு இருக்கணும்.”

“நாடகத்துல ஆறு இல்லைன்னா?”

“நீங்க தேடினா கிடைக்கும் மேடம். போன தடவ எழுதுனவரு மூணோட நிறுத்திட்டாரு. பிள்ளைக பூரா வேற நோட்ஸுக்குப் போயிட்டு.”

ஜூலைக் கடைசிக்குள் தருவதாக ஒப்புக்கொண்டேன். இருபத்தாறு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். ஒரு பாத்திரம் மேடைக்கு வந்து இரண்டு வசனம் பேசினால் போதும், அதன் குலம் கோத்திரம் வரை சொல்லிவிடுவேன். இதைத் தற்பெருமை என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சிலர் எல்லோரும் என் துறையில்தான் இருக்கிறார்கள்.

எழுதுவது நான், கணினியில் அடிப்பது வடிவு. என் தங்கை. நாற்பத்து மூன்று வயது. ஓர் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் வேலை. அவள் கணவர் இறந்த பிறகு, ஒன்பது வருடமாக என்னோடு இருக்கிறாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு நேரமும் இருந்ததில்லை, தேவையும் இருந்ததில்லை. காலை டீ என் வேலை, ராத்திரிச் சமையல் அவள் வேலை. சண்டையே வராத வீடு.

ஜூன் 17, புதன்

‘காஜா’ படித்து முடித்தேன். எளிய கதை. வேலாயுதம் தையல்கடைக்காரர். மகன் இறந்துவிட்டான். மருமகள் கனகம் மாமனாரோடேயே இருந்து, சட்டைகளுக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுக்கிறாள். ஜவுளிக்கடைக் கணக்கர் ஒருவர் அவளைப் பெண் கேட்கிறார். கனகத்துக்கும் சம்மதம். மாமனார் கூடாது என்று சொல்வதே இல்லை. தீபாவளித் துணி முடியட்டும் என்கிறார். அப்புறம் பொங்கல் முடியட்டும் என்கிறார். அப்புறம் பள்ளிக்கூடத்துச் சீருடை. கடைசியில் கனகம் போய்விடுகிறாள். வேலாயுதம் இரண்டு டம்ளரில் டீ ஊற்றுகிறார், பார்க்கிறார், ஒன்றை இன்னொன்றில் ஊற்றிக் குடிக்கிறார். திரை.

பாத்திரப் படைப்பை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ‘வேலாயுதம் ஒரு தந்திரசாலி. மறுக்காமலேயே மறுக்கத் தெரிந்தவர். பண்டிகைகளைச் சாக்காக அடுக்கி ஒரு பெண்ணின் வாழ்வைத் தள்ளிப்போடுகிறார்.’ இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

வடிவு அடித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

“பாவம்க்கா அந்த ஆளு.”

“பாவமா? எங்க பாவம்?”

“அவரு பயப்படுதாரு.”

“எந்த வசனத்துல இருக்கு, காட்டு.”

“வசனத்துல இல்ல.”

வசனத்தில் இல்லாததற்கு மதிப்பெண் கிடையாது என்று சொன்னேன். சிரித்துவிட்டு மேலே அடித்தாள்.

ஜூன் 21, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே வடிவு ஒரு செய்தி சொன்னாள். செங்கோட்டையிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தன் அக்காவோடு வீட்டுக்கு வருவார் என்று. எதற்கு என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இன்று வந்தார்கள். அவர் பெயர் ஆவுடையப்பன். நாற்பத்தெட்டு வயது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர். மனைவி தவறி நாலைந்து வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. அக்கா பேச்சியம்மாள் அவரோடு இருக்கிறார்.

பார்த்தவுடன் பாத்திரம் பிடிபட்டுவிட்டது. செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார்: ஒழுங்கு, அதாவது கட்டுப்பாடு. சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார்: ஒதுக்கம். பேசியதில் பாதி “ஆமா டீச்சர்”. ஒற்றைப் பரிமாணப் பாத்திரம். விரித்து எழுதினாலும் அரைப் பக்கம் வராது.

எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். பேச்சியம்மாள்தான் பதில் சொன்னார்.

“சுகர் பாக்கணும்னு மாசாமாசம் இவன் தென்காசிக்கு வருவான் டீச்சரம்மா.”

“சுகர் இருக்கா?”

“எங்க? ஒரு தடவகூட வரல.”

வடிவு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். ஆவுடையப்பன் உத்தரத்தைப் பார்த்தார்.

கிளம்பும்போது பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க தங்கச்சி, அக்கா சரின்னா சரிங்கா. நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்.” யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆவுடையப்பன் தன் குடையை மூலையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கறுப்புக் குடை, மரப்பிடி.

ஜூன் 22, திங்கள்

குடை விஷயத்தை வடிவிடம் எடுத்துச் சொன்னேன். ஓர் ஆண் இன்னொருத்தர் வீட்டில் தன் பொருளை விட்டுப்போவது தற்செயல் அல்ல. இடம் பிடிப்பது. பேருந்து சன்னல் வழியாகத் துண்டு போடுவதும் இதுவும் ஒன்றுதான்.

“மறந்துட்டாவக்கா. அவ்வளவுதான்.”

“நாடகத்துல எவனும் எதையும் மறக்கமாட்டான் வடிவு.”

“இது நாடகம் இல்லியே” என்றாள். அதுவும் சரிதான். ஆனாலும் என் கருத்து என் கருத்து.

ஜூன் 25, வியாழன்

செங்கோட்டை எண்ணிலிருந்து போன். எடுக்கவில்லை. நோட்ஸ் வேலை.

ஜூன் 30, செவ்வாய்

‘முரண்’ எழுதினேன். வேலாயுதத்துக்கும் கனகத்துக்குமான முரண் என்பது ஆதிக்கத்துக்கும் விடுதலைக்குமான முரண். ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் வெளிச்சம். பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய எளிது.

வடிவு அடித்து முடித்துக் கேட்டாள்: “ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்தா முரண் வராதாக்கா?”

“வரும். ஆனா அதை எட்டு மார்க்குக்கு எழுத முடியாது.”

“கனகத்துக்கு அவரு மேல கோவமே இல்ல பாத்தியா? போறப்ப அவரு மூக்குக்கண்ணாடியத் துடைச்சு மெஷின் மேல வச்சிட்டுல்ல போறா. கோவம் இருக்கவ அதைச் செய்வாளா?”

இதை நான் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தேன். முக்கியமாகப் படவில்லை.

ஜூலை 3, வெள்ளி

குறியீடுகள் மூன்று தேறிவிட்டன. வேலாயுதத்தின் கழுத்தில் தொங்கும் அளவு நாடா: எல்லோரையும் அளக்கும் அதிகாரம். இடுப்புச் சாவி: சிறை. பட்டன் தைக்காமல் ஆணியில் தொங்கும் மகனின் சட்டை: முடியாத துக்கம்.

ராத்திரி சாப்பிடும்போது வடிவு கேட்டாள், “அக்கா, செங்கோட்டைக்காரங்களுக்கு என்ன சொல்ல?”

“நோட்ஸ் முடியட்டும். நிதானமாப் பேசுவோம்.”

சரி என்று தலையாட்டினாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. நன்றாக வைத்திருந்தாள், ஆனால் அவள் சாப்பிடவில்லை.

ஜூலை 8, புதன்

கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் மாற்றினேன். ரெகுலேட்டரை மாட்ட எப்போதும் வடிவு வேண்டும். இன்று நானே மாட்டிவிட்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

ஜூலை 12, ஞாயிறு

வடிவு கோவிலுக்குப் போயிருந்தபோது அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். பேச்சியம்மாள்.

“டீச்சரம்மா, ஆடி பொறக்கதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லது. சுரண்டையில ஒரு இடம் இருக்குன்னு தரகர் நச்சரிக்காரு. நாங்க எத்தன நாள் சும்மா இருக்க?”

“அதுக்குள்ள சொல்லிருதேன்” என்றேன்.

வடிவு திரும்பி வந்து தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டாள். அதனால் இதைச் சொல்லவில்லை. தலைவலியோடு இருப்பவளிடம் என்ன பேச?

நாலாவது குறியீடு கிடைத்தது, கடை வாசலில் எரியும் தெருவிளக்கு: வெளியே காத்திருக்கும் வாழ்வு. ஐந்தாவது, கனகம் எடுக்கும் காஜா: எந்தப் பக்கமும் போக முடியாத சிறு திறப்பு. இதை எழுதிவிட்டு எனக்கே நிறைவாக இருந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஜூலை 16, வியாழன்

ஆனி கடைசி நாள். கல்லூரியில் உள்தேர்வுத் தாள் திருத்தினேன். ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜூலை 17, வெள்ளி

ஆடி ஒன்று. காலையில் டீயை வாங்கிக்கொண்டு வடிவு கேட்டாள்.

“செங்கோட்டைக்கு என்னக்கா சொன்ன?”

“ஆடி பொறந்துட்டே வடிவு. இனி ஆவணில பாப்போம்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அடிக்குரலில்தான் பேசினாள்.

“நீயா ஆடி பாக்குத?”

இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியதே ஆடியில்தான். வாடகை குறைத்துத் தருவார்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்துக் குடிவந்தேன். ஆடி, அஷ்டமி, ராகுகாலம் எல்லாம் பயந்தவர்களுக்கு என்று வகுப்பில் வருடா வருடம் சொல்வேன். ‘ஊருக்குத்தான் உபதேசம்’ என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருந்தால் இன்றோடு அது பலித்துவிட்டது.

சாயங்காலம் அவள் வழக்கம்போல் கணினி முன்னால் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைத் திறந்து, நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினாள். “மறுக்காமலேயே மறுக்கத் தெரிந்தவர். பண்டிகைகளைச் சாக்காக அடுக்கி ஒரு பெண்ணின் வாழ்வைத் தள்ளிப்போடுகிறார்.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சந்தையில் விலை சொல்வதுபோல் வாசித்தாள்.

“இது இப்படியே இருக்கட்டுமாக்கா, மாத்தணுமா?”

“மாத்த என்ன இருக்கு” என்றேன்.

“சரி” என்று சேமித்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 18, சனி

வடிவு வைத்த ரசத்தில் உப்பு இல்லை. இதற்கெல்லாம் நான் குறியீடு தேடமாட்டேன்.

ஜூலை 19, ஞாயிறு

ஆடிக் காற்று. பக்கத்து வீட்டுத் தகரம் ஒன்று எங்கள் மாடியில் வந்து விழுந்தது. அம்மியே பறக்கும் என்கிறார்கள், தகரத்துக்கு என்ன.

வடிவு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதில்லை. இன்று போய்விட்டாள். ஆய்வகத்தில் யாருக்கோ பதிலாக என்று சொன்னாள். மத்தியானம் நான் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டைப் போட்டுவிட்டு எடுத்து வைத்துவிட்டேன். பசிக்கவில்லை என்று நினைத்தேன். நாலு மணிக்குப் பசித்தது.

ஆறாவது குறியீட்டுக்காகக் கடைசிக் காட்சியை மறுபடி எடுத்தேன். வேலாயுதம் இரண்டு டம்ளரில் டீ ஊற்றுகிற இடம். போன மாதம் பக்க ஓரத்தில் ‘பணிவிடை எதிர்பார்க்கும் மனம் இன்னும் மாறவில்லை’ என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். இப்போது படித்தால் சரியில்லை. பணிவிடை எதிர்பார்ப்பவர் ஏன் தானே டீ போடுகிறார்? நாடகம் முழுக்க டீ போடுவது அவர்தான். முதல் காட்சியிலிருந்தே. கனகம் வேலையில் இருப்பாள், அவர் அடுப்படியில் இருந்து இரண்டு டம்ளரோடு வருவார். இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. இருபத்தாறு வருடம்.

அந்த ஆள் தந்திரசாலி இல்லை. கனகம் போய்விட்டால் இரண்டாவது டம்ளரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தீபாவளி வரைக்கும் தெரியவில்லை, பொங்கல் வரைக்கும் தெரியவில்லை. பயந்துபோனார். பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு வேலையைச் சொன்னார்.

நாடகத்தைப் படித்து அழுவது முதலாண்டுப் பிள்ளைகள் செய்கிற வேலை. முகம் கழுவிவிட்டு வந்து காய் நறுக்கினேன். வடிவு வந்தபோது சமையல் முடிந்திருந்தது. உப்பு சரியாகப் போட்டிருந்தேன்.

ஜூலை 21, செவ்வாய்

கல்லூரி முடிந்து நேராகக் கடைத்தெருவுக்குப் போனேன். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், பூ. வீட்டுக்கு வந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன். வெளியே சாரல் அடர்ந்துவிட்டது. என் குடையில் கம்பி ஒடிந்திருந்தது. மூலையில் நின்ற மரப்பிடிக் குடையை எடுத்துக்கொண்டு செங்கோட்டைப் பேருந்தில் ஏறிவிட்டேன். வடிவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், எனக்கும் பேருந்து தவறிப்போகும்.

பேச்சியம்மாள் கதவைத் திறந்து தாம்பாளப் பையைப் பார்த்து விழித்தார்.

“ஆடியில வந்திருக்கீகளே டீச்சரம்மா.”

“எங்க வீட்டுல ஆடி பாக்கது இல்ல.”

“நாங்க பாப்போமே.”

“கல்யாணம் ஆவணில வையுங்க. வார்த்த சொல்லதுக்கு என்ன ஆடி?”

அவர் சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். சுரண்டை என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டேன். மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. “பொண்ணு பாக்க வாலேன்னா, சட்டை காயலங்கான். ஒரு மாசமா அந்தச் சட்டை காயல” என்றார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஆவுடையப்பன் வேலையிலிருந்து வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். செருப்பைக் கழற்றியவர் சுவரில் சாய்ந்திருந்த குடையைப் பார்த்தார். அப்படியே வாசலில் நின்றுவிட்டார். தாம்பாளத்தையோ என்னையோ அவர் பார்க்கவில்லை.

“உள்ள வாலே, ஏன் நிக்க?” என்றார் பேச்சியம்மாள். என்னிடம் திரும்பி, “தெனமும் இப்பிடித்தான் நனைஞ்சிட்டு வாரான். புதுக்குடை ஒண்ணு வாங்குன்னா, குடை தென்காசில இருக்குங்கான்” என்றார்.

ஆவுடையப்பன் மெதுவாகச் சொன்னார்: “குடையக் கொண்டு வந்துட்டீங்களா டீச்சர்.”

“ஏன், கொண்டுவரக் கூடாதா?”

“மறந்து வச்சிட்டு வரல. வேணும்னுதான் வச்சேன். வேண்டாம்னு நினைச்சீங்கன்னா மொதல்ல அதைத்தான் குடுத்து விடுவீங்க. குடை திரும்பி வராத வரைக்கும் சரின்னு இருந்தேன்.”

இந்த மனிதரை நான் ‘ஆமா டீச்சர்’ என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் முழுக்கச் சாரலில் நனைந்துகொண்டு, என் வீட்டு மூலையில் ஒரு கேள்வியை நிறுத்தி வைத்திருக்கிறார்.

“குடையக் குடுக்க வரல” என்றேன். “என் குடையில கம்பி போயிட்டு. மழைக்குப் பிடிச்சிட்டு வந்தேன். போறப்ப எடுத்துட்டுப் போவேன். இது அங்கயே இருக்கட்டும். நீங்க தலையத் துவட்டிட்டு வந்து இதை வாங்கிக்கோங்க.”

தாம்பாளத்தைக் காட்டினேன். அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார், வேட்டியும் ஈரம்தான்.

“சரிங்க மயினி” என்றார்.

மதினி என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் காதிலேயே இருந்தது.

வடிவு வாசலில் நின்றிருந்தாள். பேச்சியம்மாள் போன் செய்து சொல்லிவிட்டார் போலிருக்கிறது. என் கையிலிருந்து குடையை வாங்கி, மடக்கி, அதே மூலையில் வைத்தாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சேலை ஈரம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

நானும் சொல்லியே ஆகவேண்டியது ஒன்று இருந்தது.

“குடை தற்செயல் இல்லன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லியா?”

“சொன்ன” என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜூலை 24, வெள்ளி

நோட்ஸை அனுப்பிவிட்டேன். வேலாயுதத்தின் பாத்திரப் படைப்பை முழுக்க அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஆறாவது குறியீடு: இரண்டு டம்ளர். அதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

மைதீன்பிச்சை பாய் சாயங்காலமே கூப்பிட்டார்.

“மேடம், வில்லன் யாருன்னே தெரியலியே. பிள்ளைக எப்பிடி எழுதும்?”

“வில்லன் இல்ல பாய். அப்படியே போடுங்க.”

“மார்க் குறைஞ்சா?”

“குறையாது. திருத்தப் போறது நான்தான்.”

ஆகஸ்ட் 23, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கால் வலி. நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

பால்காரர் வழக்கம்போல் ஊற்றிவிட்டுப் போனார். டீ போட்டேன். பால் மிஞ்சிவிட்டது. கொஞ்ச நேரம் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உறை ஊற்றி வைத்தேன்.

சாயங்காலம் திறந்து பார்த்தேன். கெட்டியாக உறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு மோர்க்குழம்பு பிடிக்குமாம். பாலைக் குறைக்க வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்லிவிட்டேன்.